விறகும் விழிப்பும்

இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளை விலக்குதல் ஆகிய ஒழுக்கங்கள் நம் இல்லங்களில் சிறுவர்க்கும் தெரிந்தவை. விறகைப் பார்த்து அடுப்பில் இடுதல் என்னும் ஒழுக்கமோ பாட்டிமார் வழக்கம் என்ற அளவில் நின்று, இப்போது அதுவும் தேய்ந்து வருகிறது. அது வெறும் வழக்கமா, அன்றி அறமா? அறமாயின் அதன் எல்லை யாது? கட்டையின் உள்ளே உயிர் இருப்பதை அறியாமல் ஒருவர் அதனை எரித்தால், அவ்வறியாமை அவரைக் காக்குமா? எறும்பையும் வண்டையும் கருதுகின்ற நாம், அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரைக் கருதுகிறோமா? இவ்வினாக்களைச் சிராவக சிராவகியர் முன் வைத்து, நமக்குத் தோன்றும் விடைகளையும் கூற விழைகிறோம்.

எரிவாயு வந்தபின் விறகைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழக அரசு 2007-ஆம் ஆண்டு முதல் எரிவாயு அடுப்புகளை இலவசமாக வழங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. ஆயினும் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் வெந்நீர் அடுப்பு விறகால்தான் எரிகிறது. திருமண விருந்தும் ஆலயத் திருவிழாச் சமையலும் பெரும்பாலும் விறகடுப்பை நம்பியுள்ளன. வீட்டில் நாள்தோறும் 2 கட்டைகளைப் பார்த்துப் பார்த்து எரித்த சமுதாயம், திருவிழாவில் ஒரு வண்டிப் பாரத்தைப் பார்க்காமலே எரிக்கின்றது. ஆகவே வினா பழையதாகிவிடவில்லை. அதன் அளவுதான் மாறியிருக்கிறது.

நம் கருத்தை முன்னரே கூறிவிடுகிறோம். அடுப்பின் முன் நின்று கட்டையைத் தட்டிப் பார்ப்பது கடைசிக் காவல். முதற் காவல் அதற்கு ஆறு திங்கள் முன்னரே, மரத்தைத் தேர்ந்து, பிளந்து, அடுக்கும்போது அமைகிறது. அந்த முதற் காவலை விட்டவர் கடைசிக் காவலில் எத்துணைக் கூர்மையாக நின்றாலும் பயன் குறைவு.

இனி நூல்வழி நோக்குவோம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிரைப் போக்குதல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிரைப் போக்குதல் என்று அடைகொடுத்துக் கூறினார். அமிருதசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விளக்குவார். விழிப்பின்றிச் செயற்படுபவன், ஓர் உயிரும் மாளாவிடினும் இம்சை செய்தவனே; விழிப்புடன் செயற்படுபவனால் எதிர்பாரா வகையில் ஓர் உயிர் மாய்ந்தாலும் அவன் இம்சை செய்தவன் ஆகான் என்பது அதன் கருத்து. இஃது உணர்ந்தார்க்கு முதல் ஐயம் தீரும். அறிய முயன்றும் அறியாமை வேறு. அறிய முயலாத அறியாமை வேறு. தேர்வில் விடையைத் தவறாக எழுதிய மாணவர் இருவருள் ஒருவர் படித்தும் பிழைத்தவர், மற்றவர் நூலையே திறவாதவர். மதிப்பெண் இருவர்க்கும் ஒன்றாகவே அமையலாம். ஆசிரியர் அவ்விருவரையும் ஒன்றாக எண்ணுவதில்லை.

மற்றொரு சாரார் வேறொரு வாதத்தை முன்வைப்பர். தீயே ஓரறிவுயிர், மரமும் ஒரு காலத்தில் ஓரறிவுயிராக நின்றதே, அடுப்பை மூட்டிய பிறகு எறும்பை மட்டும் காப்பதில் என்ன பொருள் என்பது அவ்வாதம். கேட்பதற்கு வலிமையுடையதாகத் தோன்றும் இவ்வாதம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதிருப்பதற்குத் துணையாகவே எடுத்தாளப்படுகிறது. துறவோர்க்கு உரியது மாவிரதம். அவர் தீ மூட்டுவதில்லை. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். அவர்கள் இயங்கும் உயிர்களாகிய திரச ஜீவன்களைக் கருதிக் கொல்லாமையை மேற்கொள்ளுகின்றனர். நிலையியல் உயிர்களிடத்துத் தேவைக்கு மேற்பட்ட துன்பத்தை விலக்குகின்றனர். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும், பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீயை வளர்த்தல், தாவரங்களை வெட்டுதல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று விலக்கும். ஆகவே விறகெரிக்கும் இல்லறத்தார்க்குக் கடமை இரண்டு. கட்டையினுள் வாழும் உயிரைக் காத்தல் ஒன்று. தீயின் அளவையே சுருக்குதல் மற்றொன்று. நன்கு உலர்ந்த வைரமுள்ள கட்டை இவ்விரண்டிற்கும் ஒருங்கே உதவுகிறது என்பதே நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது.

பகவான் பார்சுவநாதர் வரலாற்றில் விறகுக் கட்டை ஒன்று வருவதை நாம் அனைவரும் அறிவோம். மேல்சித்தாமூரிலும் திருநறுங்கொண்டையிலும் படங்குடை நிழலில் நிற்கும் அப்பெருமானை வணங்குகையில், அப்படம் அங்கு வந்த காரணத்தை ஒருகணம் எண்ணுதல் நன்று. காசி நகரத்து அரசிளங்குமரராக இருந்தபோது அவர், நாற்புறமும் தீயும் மேலே ஞாயிறுமாக ஐந்தீ நடுவே தவம் புரிந்த ஒருவரைக் கண்டார். முற்பிறவிக் கமடனது உயிரே அத்தவசி. தீயிற்கு இடவிருந்த கட்டையினுள் பாம்பிணை ஒன்று இருப்பதை அவதி ஞானத்தால் உணர்ந்த குமரர், அதனை வெட்ட வேண்டா என்று தடுத்தார். தவசி சினந்தார், கோடரியை ஓங்கினார், பாம்புகள் துண்டுபட்டன. திகம்பர மரபினர் கூறும் முறை இது. சுவேதாம்பர மரபில் கட்டை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததாகக் கூறுவர். இருவழியிலும், உயிர்விடும் தறுவாயில் குமரரின் அருளால் பஞ்ச நமஸ்காரத்தைச் செவியுற்ற அவ்விணை, தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்தது.

இவ்வரலாற்றைச் சிறுவர்க்குச் சொல்லும்போது பாம்புகளின் நற்பேற்றோடு முடித்துவிடுகிறோம். தவசியின் நிலையையும் சற்று ஆராய வேண்டும். அவர் கொடியவர் அல்லர். பாம்பைக் கொல்ல எண்ணியவரும் அல்லர். உடலை வருத்துவதில் அவருக்கிருந்த உறுதி நம்மில் ஒருவர்க்கும் வாராது. அவர் கட்டையைப் பார்க்கவில்லை, அவ்வளவே. பார்க்கச் சொன்னபோதும் பார்க்கவில்லை என்பது அதனினும் பெரிது. முதலது விழிப்பின்மை, இரண்டாவது செருக்கு. நம் இல்லங்களில் நிகழ்வது பெரும்பாலும் முதலது. ஆனால் சிறு பேரனோ பேத்தியோ கட்டையில் எறும்பு ஓடுகிறதே என்று சொல்லும்போது, விருந்தினர் காத்திருக்கின்றனர், நீ போய் விளையாடு என்று நாம் கூறுவோமாயின், அப்போது நாம் நிற்கும் இடம் யாருடைய இடம் என்பதைக் கூற வேண்டியதில்லை.

குமரர்க்கு அவதி ஞானம் இருந்தது. நமக்கு அஃது இல்லை. கண், செவி, மூக்கு, கை ஆகியவையே நமக்கு வாய்த்த கருவிகள். அவற்றைப் பயிற்றினால் கட்டையின் உட்புறம் ஓரளவு புலப்படும். அப்பயிற்சி மரத்தை அறிவதில் தொடங்குகிறது.

நம் முன்னோர் மரத்தை அதன் காழால் அறிந்தனர். உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும், பனை, தெங்கு, மூங்கில் போலப் புறத்தே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் தொல்காப்பியத்து மரபியல் பிரித்துரைக்கிறது. அதே இயல்தான் சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்கிறது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பாடநூல்களில் வன்மரம், மென்மரம் என்று கற்பிக்கும் பாகுபாடு வேறு. அதன்படி அகன்ற இலையுடைய மரமெல்லாம் வன்மரம். விரல் நகம் பதியும் இலவமும் வன்மரமே! ஆசிரியப் பயிற்சியில் இதனை மனப்பாடம் செய்யும்போதே நமக்கு நகைப்பு வரும். அடுப்பிற்கு அப்பாகுபாடு பயன்படாது. தொல்காப்பியர் கூறிய அகக்காழே பயன்படும்.

ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் நடுவில் கருத்தோ சிவந்தோ ஒரு பகுதியும், அதனைச் சூழ வெளிறிய ஒரு வளையமும் தோன்றும். நடுவிலிருப்பது வைரம்; சூழ்ந்திருப்பது வெளிறு. மரம் உயிரோடிருக்கையில் நீர் ஏறுவதும், மாவுப்பொருள் சேமிக்கப்படுவதும் வெளிற்றில்தான். வெட்டியபின் அம்மாவை நாடியே சிறு வண்டுகள் வந்து முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் உள்ளே குடைந்து உண்டு, மாவு போன்ற துகளை வெளித்தள்ளுகின்றன. மரம் உளுத்தது என்று நாம் சொல்வது இதனையே. வைரத்தில் அவ்வுணவு இல்லை. அதிலுள்ள சாயப்பொருள்களும் பிசின்களும் பூச்சிகட்கு ஒவ்வா. எனவே வைரம் மிகுந்து வெளிறு குறைந்த கட்டையைத் தேர்பவர், நல்ல எரிபொருளை மட்டுமின்றி, உயிர்கள் குறைவாகக் குடியேறும் எரிபொருளையும் தேர்கின்றார். இவ்விரண்டும் ஒரே கட்டையில் அமைவது நமக்குக் கிடைத்த நற்பேறு.

நம் பகுதியில் கிடைப்பவற்றுள் சிலவற்றைக் காண்போம். ஏரிக்கரைகளில் நிற்கும் கருவேலம், கருமையான, ஆழ்ந்து வெடித்த பட்டை உடையது. உள்ளே செம்பழுப்பான வைரம். தணல் நெடுநேரம் நிற்கும். வேலிக்காத்தான் மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்குக் கொண்டுவரப்பட்டது. இன்று விதைப்பாரின்றியே எங்கும் பரவி, நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு, அகற்றுவோர்க்குத் தீராத வேலையாக நிற்கிறது. அதன் வெளிறு மெல்லிய மஞ்சள் வளையம். எஞ்சியதெல்லாம் கடினமான பழுப்பு வைரம். சவுக்கு, நம்மவர் பலர் பயிரிடுவது, கனமானது, ஒரே சீராக எரிவது. புளி புகழ்பெற்ற விறகு. சூளைக்காரர் அதனையே விரும்புவர். ஆனால் புளியின் வைரம் நடுவில் சிறிதாகக் கருஞ்சிவப்பாக நிற்க, வெளிறு தடித்திருக்கும். அவ்வெளிறு விரைவில் உளுக்கும். எனவே புளியைக் கிளை பருத்ததென்று மட்டும் பார்த்து வாங்குதல் கூடாது. முருங்கை, இலவம், அத்தி, அரசு, ஆல் ஆகியவற்றின் கட்டைகள் மெல்லியவை; நீரை உறிஞ்சுபவை; எளிதில் பூச்சிக்கு இடமாபவை. ஐவகைக் கனிகளை அவற்றினுள் வாழும் உயிர்களைக் கருதி விலக்கிய நாம், அவற்றுட் சிலவற்றின் கட்டைகளையும் அதே காரணத்தால் விலக்கலாம். அரளியை எந்நிலையிலும் எரித்தல் ஆகாது. அதன் புகையும் நஞ்சு.

வைரக் கட்டை அதிக வெப்பம் தரும் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். எடைக்கு எடை நோக்கின், உலர்ந்த விறகெல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. கிலோவிற்குச் சற்றேறக்குறைய 4,500 கிலோ கலோரி. வேறுபாடு செறிவில் உள்ளது. ஒரே பருமனுள்ள இரு கட்டைகளில் வைரக் கட்டையே கனமானது. மெல்ல எரிந்து தணலாக நிற்பது. மெல்லிய கட்டை சடுதியில் கொழுந்துவிட்டு அவிந்துவிடும். பானை கொதிப்பதற்குள் பல கட்டைகளை எடுக்க நேரும். எடுக்கும் கட்டைகள் மிகமிக, பார்க்கத் தவறும் கட்டைகளும் மிகும் அன்றோ?

செவியின் பணி அடுத்தது. இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால், உலர்ந்தவை கணீரென ஒலிக்கும். ஈரமுள்ளவை மந்தமாக ஒலிக்கும். உளுத்தவை பொத்தென்று ஒலிக்கும். முனைகளில் கதிர்போல் வெடிப்புகள் ஓடியிருப்பின் உலர்ந்தது. பட்டை கையோடு கழன்று வரினும் உலர்ந்தது. குண்டூசித் துளைகளையும் அவற்றின் கீழே புதிய வெண்துகளையும் காணின், உள்ளே இப்போதும் உயிர் இருக்கிறது. துளை இருந்தும் துகள் இன்றிப் பழையதாகத் தோன்றின், வண்டுகள் வெளியேறியிருக்கலாம். எனினும் அவ்வெற்றிடத்தில் எறும்போ சிலந்தியோ பல்லி முட்டையோ இருத்தல் கூடும். மண்பூச்சு ஓடியிருப்பின் சிதல்.

இனி முதற் காவலுக்கு வருவோம். விறகை வெட்டிக் கொணர்ந்த சில நாட்களுக்குள்ளேயே பிளந்துவிட வேண்டும். இவ்விடத்தில் பலர் மாறாகச் செய்கின்றனர். முண்டாகவே குவித்து வைத்து, வேண்டும்போது பிளந்துகொள்ளலாம் என்று விடுகின்றனர். ஆறு திங்கள் கிடந்த முண்டினுள் எத்தனை உயிர்கள் குடியேறியிருக்கும்! பிறகு கோடாலி விழும்போது நிகழ்வது, காசியில் அத்தவசியின் கோடரியால் நிகழ்ந்ததன் சிறு வடிவமே. மரத்திலிருந்து இறங்கிய புதிதில் பிளக்கும் அதே கோடாலி குற்றமற்றது. ஒரே செயல், காலத்தால் அறமாகவும் மறமாகவும் ஆகின்றது. பட்டையை உரித்துவிடுதலும் அப்போதே செய்யத்தக்கது. பட்டைக்கும் வெளிற்றிற்கும் இடையே முட்டையிடும் வண்டுகட்கு இடம் இல்லாமற்போகும்.

பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீர் இருக்கும். அஃது 20 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினாலன்றி நன்றாக எரியாது. தை, மாசியில் வெட்டிப் பிளந்த விறகு, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய திங்களின் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து, ஆனியில் எடைகுறைந்து ஒலி மாறிவிடும். தரையில் கிடத்தினால் சிதல் ஏறும். எனவே கருங்கற்களின் மேல் ஒரு சாண் உயரத்தில், ஒரு வரிசை நெடுக்கும் ஒரு வரிசை குறுக்குமாக, இடையே காற்றோட அடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டி அடுக்குதல் கூடாது. பின்புறம் பார்க்க இயலாத இடம் எதுவோ அதுவே உயிர்கள் விரும்பும் இடம். மேலே மழைக்கு ஓலையோ தகரமோ இடலாம், பக்கங்களை மூடலாகாது. நெகிழித் தாளால் முழுதும் போர்த்திவிடுகிறார்கள் சிலர். உள்ளே புழுங்கி, பூஞ்சையும் பூச்சியும் பெருகுகின்றன.

ஆனி, ஆடியில் சாதுர்மாசம் தொடங்குகிறது. மழைக்காலத்தில் எங்கும் உயிர்கள் பெருகுவதால் துறவோர் ஓரிடத்தே தங்குகின்றனர். அதற்கு முன்னரே உலர்ந்த விறகு கொட்டகையில் ஏறியிருத்தல், இல்லறத்தாரும் அவ்விரதத்தில் தம்மளவில் பங்கு கொள்வதாகும். ஐப்பசி மழையில் நனைந்த விறகை வாங்கி வந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எரிப்பவரின் பொறுமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அவர் தடுக்கக்கூடியது சிறிதே. அடுக்கிலிருந்து எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மேல்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தல் வேண்டும். நடுவிலிருந்து உருவினால் சரிந்து, பல்லியும் அரணையும் தேரையும் நசுங்கும். பொருளைப் பார்த்து எடுத்தலும் பார்த்து வைத்தலும் ஆகிய ஆதான நிட்சேபண சமிதியை அகிம்சை விரதத்தின் பாவனைகளுள் ஒன்றாகவும் சூத்திரம் கூறுவது இத்தகைய இடங்களில் நன்கு விளங்கும்.

இத்துணைக் காவலும் கடந்து ஒரு கட்டை உளுத்துவிட்டால் என் செய்வது? இங்குத்தான் மனம் தடுமாறுகிறது. சித்திரை வெயிலில் போட்டால் புழுக்கள் தாமே மடிந்துவிடும், பிறகு எரிக்கலாம் என்பர் சிலர். மண்ணெண்ணெய் தெளிப்பவரும் உண்டு. யசோதர காவியத்தை அறிந்த நமக்கு இதில் ஐயம் எழக்கூடாது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே எத்தனை பிறவிகளின் துன்பம் வந்தது என்பதை அக்காவியம் கூறுகிறது, அங்கு மாண்டது மாவு, இருந்தது எண்ணம். பூச்சி வருமுன் வெயிலில் இடுவது உலர்த்தல். பூச்சி வந்தபின், அது சாக வேண்டும் என்று கருதி வெயிலில் இடுவது கொலை. அது சங்கற்ப இம்சையே. செயல் ஒன்றாயினும் கருத்து வேறாயிற்று. உளுத்த கட்டையை நிழலில், மரத்தடியில் ஒதுக்கிவிட வேண்டியதுதான். இழப்பு சில ரூபாய்.

வேறொரு வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அதனைக் கூறாதிருக்க இயலவில்லை. உளுத்த கட்டைகளைத் தாம் எரியாமல், வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் எடுத்துச்செல் என்று கொடுத்துவிடுவர். அதனைத் தானம் என்றும் சொல்லிக்கொள்வர். அப்பெண் அதனைப் பூசிப்பதற்கா கொண்டுசெல்கிறார்? அன்று மாலை அவர் அடுப்பில் அது எரியும். கொலைக்குரிய பொருளைப் பிறர்க்கு வழங்குதல் இம்சாதானம் என்று அனர்த்த தண்டங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. நாம் எரிக்கத் தகாது என்று கருதுவதை எளியவர் எரிக்கத் தகும் என்று கருதுவது, உயிரிடத்து இரக்கம் ஆகாது. நம் கணக்கைத் தூய்மை செய்துகொள்ளும் தந்திரம் ஆகும். தானம் செய்ய விரும்புவோர் கணீரென ஒலிக்கும் கட்டைகளில் நான்கை எடுத்துக் கொடுக்கட்டும்.

விற்போர்க்கும் ஒரு சொல். விறகு எடைக்கு விற்கப்படுவதால் ஈரமே இலாபமாகிறது. விறகுத் தொட்டிகளில் நிறுக்குமுன் நீர் தெளிக்கும் வழக்கத்தைக் கேள்வியுறாதவர் இல்லை. அளவில் குறைத்தலும், போலியைக் கலத்தலும் அசௌரிய விரதத்தின் அதிசாரங்கள் என்று நாம் அறிவோம். மர விலைக்கு நீரை விற்பது அவற்றின் கூட்டு. சவுக்கு பயிரிடும் நம்மவர், பட்டை உரித்து ஒரு திங்கள் உலர்த்திக் கொடுத்தால் எடையில் இழப்பர் என்பது உண்மையே. உலர்ந்ததற்குக் கூடுதல் விலை கொடுக்க வாங்குவோர் முன்வந்தாலன்றி இது திருந்தாது. பொறுப்பு இருவர்க்கும் உரியது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுள் எஞ்சிய ஒன்று. ஈர விறகை எரிப்பதில் மிகுந்த துன்பம் அடைபவர் யார்? 1 கிலோ நீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தன் நீரை விரட்டவே செலவிடுகிறது. தீ குளிர்ந்து, முழுதும் எரியாத பொருள்கள் புகையாக எழுகின்றன. அப்புகையை உண்பவர் சமைப்பவர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். ஐம்பொறியும் மனமும் உடைய மக்களுயிர்கள் இவை. நம் இளமையில் கண்ட கூட்டுக் குடும்பங்களில், விறகு வாங்குதல் ஆடவர் கடமை; எரித்தல் மகளிர் கடமை. விலை மலிந்ததென்று பச்சை விறகை வாங்கியவர் திண்ணையில் அமர்ந்து அறநூல் படித்துக்கொண்டிருக்க, மருமகள் ஊதுகுழலோடு கண்ணீர் வடிக்க, கட்டையில் எறும்பு இருக்கிறதா பார்த்தாயா என்று மாமியார் உள்ளிருந்து வினவுவார். எறும்பைக் கேட்டது சரியே. அக்கண்ணீரையும் கேட்டிருக்க வேண்டும். மூவறிவுயிரிடத்து விழிப்பும் ஆறறிவுயிரிடத்து விழிப்பின்மையும் ஓர் அடுப்படியில் கூடி நிற்குமாயின், அவ்விழிப்பு பழக்கத்தால் வந்ததே, பரிவால் வந்ததன்று என்று கருத வேண்டியிருக்கிறது.

எரிவாயு அந்தப் புகையை நீக்கியது. அதனை நாம் வரவேற்கிறோம். அதில் உயிர்க்கேடே இல்லை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. தீ தீயே, பயனின்றி எரிந்தால் அதுவும் அனர்த்தமே. பால் பொங்கி அவிந்த பிறகும் திறந்து கிடக்கும் அடுப்பில் பிரமாதம் வேறு வடிவில் இருக்கிறது.

ஆலயக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழாவிற்கு முதல்நாள் மாலை லாரியில் வந்திறங்கும் விறகை இரவில் யாரும் பார்க்க இயலாது. விடியுமுன் அடுப்பு மூட்டப்பட்டுவிடும். ஆண்டுதோறும் வேண்டுவது எவ்வளவு என்பது கணக்கேட்டில் உள்ளது. அதனைத் தையிலேயே வாங்கிப் பிளந்து, ஆலயத்தின் வெளிச்சுற்றில் கற்களின் மேல் அடுக்கினால் இடம் போதும். ஏரியிலும் வாய்க்காலிலும் வேரூன்றி நிற்கும் வேலிக்காத்தானை உரிய இசைவோடு வெட்டிக்கொண்டால் நீர்நிலைக்கும் நன்மை. வேம்பும் புளியும் தப்பும். முட்களால் கை கிழியும் என்று வெட்டுவோர் கூடுதல் கூலி கேட்பர்; கொடுத்தல் முறை. திங்களுக்கு ஒருமுறை அடுக்கைச் சுற்றிவந்து துகள் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பணியை நம் சிறுவர் சிறுமியரிடம் விடலாம். அவர்கள் கண் கூரியது. குனிந்து பார்க்க அவர்கட்கு முதுகு வலிப்பதில்லை. உளுத்ததை அவர்கள் காட்டினால் அன்றே அதனைத் தனியே எடுத்து வைக்க ஒரு பெரியவர் உடனிருத்தல் வேண்டும். தேளும் பாம்பும் விறகடுக்கை விரும்புமாதலின், கையை உள்ளே விடாமல் நீண்ட கோலால் மேற்கட்டையை அசைத்து, சற்றுப் பொறுத்து, உள்ளிருப்பது விலகிச்செல்ல நேரம் கொடுத்த பின்னரே எடுக்கும்படி அவர்கட்குக் கற்பிக்க வேண்டும்.